எங்கள் சபையில் காணிக்கையை ஜிபேயில் வாங்கத் தொடங்கியபோது

எங்கள் சபைக்கு வரும் அக்கா ஒருவர் இட்லி வியாபாரம் செய்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். ஆறு மணிக்குள் இட்லியும் சட்னியும் தயாராகிவிடும். அவர் மகன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போய்விடுவான். மும்பை தாராவியில் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இதுதான் பிழைப்பு. 2021 கடைசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அந்த அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, கையில காசே நிக்கிறதில்லப்பா. சைக்கிள்ல க்யூஆர் மாட்டினதுலேர்ந்து எல்லாரும் போன்லதான் போடுறாங்க. காணிக்கைப் பை வரும்போது வெறுங்கையா உட்கார்ந்திருக்க மனசு கேட்கல" என்றார்.

அப்போது நான் சபையின் துணைப் பொருளாளர். அக்கா சொன்னது எனக்குப் புதிதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சபை மூடியபோதே இந்தக் கேள்வி வந்துவிட்டது. அன்றைக்கு அவசரத்துக்கு நாங்கள் செய்த காரியம், என் சொந்த போன் நம்பரை சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான். "காணிக்கை அனுப்ப விரும்புகிறவர்கள் இந்த நம்பருக்கு ஜிபே செய்யலாம்" என்று போதகர் ஐயாவே எழுதினார். யாருக்கும் அதில் தப்பு தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. போதகருடைய சம்பளம் நிற்காமல் போக வேண்டும், வேலையில்லாமல் இருந்த குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு வாங்க வேண்டும். அதற்கு அந்தப் பணம்தான் உதவியது.

ஆனால் ஆறே மாதத்தில் என் வங்கிக் கணக்கைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. என் சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், அதற்கு நடுவே யாரோ போட்ட தசமபாகம் 2,000, யாரோ போட்ட பிறந்தநாள் காணிக்கை 101. தினமும் ராத்திரி ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சபைக் கணக்குக்கு வாரம் ஒருமுறை மாற்றிவிட்டேன். ஒரு ரூபாய்கூடத் தவறவில்லை. ஆனாலும் வருமான வரித்துறை நாளைக்கு இது என்ன வரவு என்று கேட்டால் அந்த நோட்டைத் தவிர என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் மனைவிக்கு எது சபைப் பணம், எது வீட்டுப் பணம் என்று தெரிந்திருக்காது. பொதுப் பணத்தைத் தனி ஆள் கணக்கில் வாங்குவது, அவர் எவ்வளவு யோக்கியமானவராக இருந்தாலும், அவருக்கே செய்கிற கெடுதல்.

2021 அக்டோபர் 7-ம் தேதி மகாராஷ்டிராவில் வழிபாட்டுத் தலங்கள் மறுபடி திறந்தன. அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: சபையின் பெயரில், சபையின் வங்கிக் கணக்கோடு சேர்ந்த க்யூஆர் வேண்டும், என் நம்பரை எடுத்துவிட வேண்டும். எல்லாரும் சரி என்றார்கள். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தோம். ஒன்பது மாதம் ஆனது.

முதலில் பெயர்ச் சிக்கல். எங்கள் சபை பல வருடங்களுக்கு முன்பே பொது அறக்கட்டளையாகப் பதிவானது. பதிவுச் சான்றிதழில் ஊர்ப்பெயர் 'பாம்பே' என்று இருக்கிறது. ஊர் 1995-ல் மும்பை ஆகிவிட்டது. அதற்கு அப்புறம் எடுத்த பான் கார்டில் யாரோ 'மும்பை' என்று போட்டுவிட்டார்கள். பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்ததால் இதை யாரும் கவனிக்கவில்லை. க்யூஆருக்கு விண்ணப்பித்ததும் வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. பான் கார்டும் சான்றிதழும் ஒரே பெயராக இருக்க வேண்டும் என்றார்கள். அறக்கட்டளையின் பெயரை மாற்றுவதைவிட பான் கார்டைத் திருத்துவது சுலபம் என்று ஆடிட்டர் சொன்னார். அதைச் செய்தோம்.

அடுத்தது அறங்காவலர் பட்டியல். இதுதான் நிஜமாகவே நாளை விழுங்கியது. அறங்காவலர்களில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் ரிட்டையராகித் திருநெல்வேலிக்கே போய்விட்டார். புதிதாக இருவரைத் தேர்ந்தெடுத்து, தீர்மானப் புத்தகத்திலும் எழுதியிருந்தோம். ஆனால் மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டத்தில் இப்படி மாற்றம் நடந்தால் 90 நாளுக்குள் அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்தில் 'சேஞ்ச் ரிப்போர்ட்' கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவே இல்லை. வங்கி கேட்டதோ ஆணையர் பதிவேட்டில் உள்ள பட்டியல். அதில் இறந்தவரின் பெயர் அப்படியே இருந்தது. தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனு, புதியவர்களின் சம்மதக் கடிதம், இறப்புச் சான்றிதழ் நகல், ஊருக்குப் போனவரிடமிருந்து ராஜினாமாக் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஆணையர் அலுவலகம் இருக்கும் வொர்லிக்கு எத்தனை முறை போனேன் என்று எண்ணவில்லை. ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுப் போவேன். தப்பு எங்களுடையது என்பதால் யாரையும் குறை சொல்ல இடமில்லை. இதைப் படிக்கிற சபைக்காரர் யாராவது இருந்தால், க்யூஆர் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் அறங்காவலர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா, இன்னும் பொறுப்பில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

மற்ற காகிதங்கள் சாதாரணமானவை: கமிட்டித் தீர்மானம், கையெழுத்துப் போடும் இருவரின் ஆதார், பான், போட்டோ. யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணப் பிடித்தம் கிடையாது, ஆகவே பத்து ரூபாய் போட்டால் பத்து ரூபாயும் சபைக்கு வரும். பின்னால் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் சேர்த்துக் கொடுக்கும் வசதி வந்தபோது, அதை மட்டும் வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தோம். கடன் வாங்கிக் காணிக்கை போட வேண்டாம் என்பது போதகர் ஐயாவின் கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

2022 ஜூலையில் க்யூஆர் வந்தது. கூடவே ஒரு சவுண்ட் பாக்ஸும் வந்தது, கடைகளில் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லுமே, அதுதான். மொழியைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்று வங்கி ஆள் சொன்னதும் எங்களுக்குச் சந்தோஷம். வாசல் வராந்தாவில் க்யூஆரை மாட்டி, கீழே பாக்ஸை வைத்தோம். பணம் சேர்ந்ததா இல்லையா என்று பெரியவர்களுக்கு உடனே தெரியட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் வைத்தோம்.

முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். கார்மென்ட் யூனிட் வைத்திருக்கும் ஒரு சகோதரர் ஸ்கேன் செய்தார். "ஐயாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றது பாக்ஸ். வராந்தாவில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே கூச்சமாகிவிட்டது, சட்டென்று செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்கு அடுத்து நின்றது அந்த இட்லிக்கார அக்கா. நம்பரைத் தட்டிக்கொண்டிருந்ததால் பாக்ஸை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். "பதினொரு ரூபாய் பெறப்பட்டது." அதே குரல், அதே சத்தம். அக்கா போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார். எப்போதும் வாசலில் நின்று பத்து பேரிடமாவது பேசிவிட்டுப் போகிறவர்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காணிக்கைப் பை ஏன் பையாக இருக்கிறது, ஏன் ஆழமாக, வாய் சிறுத்து, சிவப்பு வெல்வெட்டில் தைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உள்ளே போகிற கையில் ஒரு ரூபாயா ஐந்நூறா என்று பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. நாணயம் விழுந்தாலும் சத்தம் வராது. யாரோ எப்போதோ யோசித்துச் செய்த பை அது. நான் அதை ஒரு பாக்ஸுக்காகக் கெடுத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானமே அதை அணைத்து பீரோவில் வைத்தேன், புதன்கிழமை வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அவர் பேச்சையே எடுக்க விடவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, "அது சத்தம் போடாம இருந்தா போதும் தம்பி" என்றார்.

அதற்கு அப்புறம் க்யூஆரை வராந்தாவிலிருந்து எடுத்து, சிறிய அட்டையாக அச்சடித்து ஒவ்வொரு பெஞ்சிலும் பாட்டுப் புத்தகத்தோடு வைத்தோம். உள்ளே சிக்னல் சரியாக வராது, சந்துக்குள் இருக்கும் கட்டடம். ஆகவே பலர் சனிக்கிழமை ராத்திரியே வீட்டிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அப்போது வேறு ஒன்று தெரிந்தது. பை வரிசையில் வரும்போது போனில் அனுப்பியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். அப்பா கையில் ஒரு நாணயத்தைத் திணித்து, பைக்குள் போடச் சொல்லித்தான் நான் காணிக்கை கொடுக்கப் பழகினேன். போதகர் ஐயாவின் மனைவி ஒரு யோசனை சொன்னார்: தபால் கார்டில் பாதி அளவுக்கு ஒரு சீட்டு. அதில் தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி, மிஷனரி என்று நான்கு கட்டம். எதற்காக அனுப்பினோமோ அந்தக் கட்டத்தில் டிக் அடித்து, பணம் அனுப்பியதும் போனில் வரும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதிப் பைக்குள் போட வேண்டும். பெயர் வேண்டாம், தொகை வேண்டாம். இப்போது எல்லார் கையும் பைக்குள் போகிறது. எனக்கும் கணக்கு எழுத அந்த நான்கு இலக்கம் போதும். முன்பெல்லாம் ஸ்டேட்மென்டில் வெறும் 500 என்று நிற்கும். எந்த நிதிக்கு என்று ஆளைத் தேடிக் கேட்க வேண்டியிருந்தது.

யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது போனில் தெரிந்துவிடுகிறதே என்று ஒரு பெரியவர் கமிட்டியில் கேட்டார். நியாயமான கேள்வி. வங்கியின் குறுஞ்செய்தி வர சபைக்கென்று ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கி, அலுவலறை பீரோவில் வைத்திருக்கிறோம். ஞாயிறு மத்தியானம் பைக் காசை எண்ணும் இருவர் மட்டும் அதைத் திறப்பார்கள். போதகர் பார்ப்பதில்லை. அதை அவரே கேட்டுக்கொண்டார்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சபைப் பிள்ளைகள் வளைகுடாவில் நிறையப் பேர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவர், நம் பிள்ளைதான், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தன் இந்தியக் கணக்கிலிருந்து 10,000 அனுப்பினார். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்கு இல்லை. அந்தப் பணத்தை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. திருப்பி அனுப்பினோம். அவருடைய அம்மாவுக்கு மனவருத்தம். பொறுமையாக உட்கார்ந்து விளக்கினேன். வருமான வரிச்சலுகைக்காக 80ஜி ரசீது கேட்பவர்களும் உண்டு. நாங்கள் மத அறக்கட்டளை என்பதால் எங்கள் காணிக்கைக்கு அந்த வரிச்சலுகை கிடையாது என்பதை அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிட்டோம்.

க்யூஆர் மேல் வேறு க்யூஆரை ஒட்டி ஏமாற்றுவது கடைகளில் நடக்கிறது. ஆகவே ஞாயிறு ஏழரை மணிக்கு முன்னால் ஒருவர் பெஞ்ச் பெஞ்சாக அட்டைகளைத் தொட்டுப் பார்ப்பார். ஏதாவது ஒன்றை ஸ்கேன் செய்து, திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று பார்த்து, ஒரு ரூபாய் அனுப்புவார். முதல் வருடம் ஆடிட்டர் இந்த ஒரு ரூபாய்களைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னதும், 'சோதனை வரவு' என்று தனித் தலைப்பே போட்டுக் கொடுத்தார்.

என் பழைய நம்பருக்கு வருவது மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஊரோடு போய்விட்ட ஒரு தாத்தா மாதம் தவறாமல் 200 ரூபாய் அனுப்புகிறார். அவர் போனில் சபை என்றால் என் நம்பர்தான். போன மாதமும் வந்தது. அன்று ராத்திரியே சபைக் கணக்குக்கு மாற்றி, சீட்டு எழுதி, ஞாயிறு பையில் போட்டேன். அப்புறம் அவர் பேரனைக் கூப்பிட்டு, அடுத்த முறை தாத்தா வீட்டுக்குப் போகும்போது போனில் நம்பரை மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.