1930களின் அமெரிக்கச் சாரணர் தடி வீடு (மரத் தடிகளை அடுக்கிக் கட்டியது): 1:24 மாதிரி, இதுவரை நடந்த வேலை

சுவர் எட்டு வரிசையும் ஏறிவிட்டது. கைமரங்கள் நிற்கின்றன. புகைபோக்கி தோள்மட்டம் வரை வந்திருக்கிறது. கூரைச் சில்லு (ஓடு போல் அடுக்கும் மெல்லிய மரத் துண்டுகள்) இனிமேல்தான். இந்த வகை வீட்டைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, அளவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறோம். காரணம் தெரியாமல் செய்தால் பொம்மை வீடுதான் வரும்.

மாதிரி ஒரு குறிப்பிட்ட ஊரின் வீடு அல்ல. அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டிய சிற்றூர்களில் 1930களில் ஊர் கூடிக் கட்டிய வகை. அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910 பிப்ரவரி 8 அன்று பதிவானது. அங்கே ஒரு ட்ரூப்பை, அதாவது ஊர்ச் சாரணர் அணியை, நடத்துவது உள்ளூர் அமைப்பு ஒன்றின் பொறுப்பு. தேவாலயம், ரோட்டரி, லயன்ஸ், முன்னாள் படைவீரர் சங்கம் என ஏதாவது ஒன்று ஏற்று நடத்தும். கூடுவதற்கு இடம் கொடுப்பதும் அவர்கள் பாடு. அந்த இடம் தடி வீடாக அமைந்ததற்கு, காட்டு வாழ்க்கை மீதான ஆசை ஒரு பாதிதான். மறுபாதி, மரம் சும்மா கிடைத்தது.

செஸ்ட்நட் மரத்தின் கதை அது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை 1904இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலை மரங்களில் முதலில் கண்ணில் பட்டது. அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் நூறு கோடிக் கணக்கில் மரங்கள் செத்தன. பூஞ்சை தின்றது பட்டையையும் அதன் அடியிலுள்ள உயிர்ப்படலத்தையும். உள்ளே வைரம், அதாவது நடுக்கட்டை, கெடவில்லை. செஸ்ட்நட்டில் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு மிக மெல்லியது. வைரத்தில் துவர் (டானின்) அதிகம், அதனால் எளிதில் மக்காது. ஆக, பட்டை உதிர்ந்து, நின்றபடியே காய்ந்த தடிகள் மலை முழுக்க நின்றன. அரசின் பொதுப்பணித் திட்டமான டபிள்யூ.பி.ஏ. 1935இல் வந்த பிறகு கூலியை அது கொடுத்தது. நிலத்துக்கும் பொருளுக்கும் ஊர் தன் பங்கைப் போட வேண்டும். கையில் காசில்லாத மந்தக் காலத்தில், செத்த மரமும் ஆற்றுக்கல்லும் கொண்டு ஊர் தன் பங்கைக் கொடுத்துவிட முடிந்தது. பட்டை மிச்சம் இருந்தால் சீவுவது, கல் பொறுக்குவது, இடுக்கில் பாசி திணிப்பது போன்றவை பையன்களின் வேலை.

மாதிரிக்கு இதிலிருந்து வரும் முதல் விதி: தடியில் பட்டை இருக்கக் கூடாது. கடையில் விற்கும் மாதிரிகள் பலவற்றில் பட்டையோடு கூடிய குச்சிதான் இருக்கும். பார்க்க அழகு, வரலாற்றுக்குப் பொருந்தாது. நிஜ வீட்டிலும் பட்டையை விட்டுவைத்தால் அதனடியில் ஈரம் தங்கி வண்டு குடியேறும்.

அளவு. ட்ரூப்பின் சிறு குழுவான ஒரு பேட்ரோலுக்கு 8 பேர், நான்கு பேட்ரோலுக்கு 32 பேர். பேட்ரோலுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நடுவில் எல்லோரும் கூட 20 x 30 அடி அறை போதும். நீளத்துக்கு வேறொரு வரம்பும் உண்டு. மூலைக்கு வெளியே ஓர் அடி நீட்டினால் 30 அடிச் சுவருக்குத் தடி 32 அடி. 10 அங்குல விட்டத்தில் காய்ந்த செஸ்ட்நட் தடி அந்த நீளத்துக்குச் சுமார் 240 கிலோ. பச்சையாக இருந்தால் 430 கிலோவைத் தாண்டும். கிரேன் இல்லாத ஊர்க்காரர்கள் இரண்டு சாய்வுக் கம்பு போட்டு, கயிறு சுற்றி உருட்டி ஏற்ற வேண்டிய எடை அது. மரம் காய்ந்திருந்ததால்தான் தச்சு தெரியாதவர்களால் இந்த வேலையைச் செய்ய முடிந்தது.

1:24இல் ஓர் அடி 12.7 மி.மீ. நீளத் தடி 406, அகலத் தடி 279, விட்டம் 10.6 மி.மீ. எட்டு வரிசை, நான்கு சுவர், மொத்தம் 32 தடி. உடைவதற்கும் கோணலுக்கும் சேர்த்து 45 வெட்டி வைப்பது நல்லது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உருட்டுக்குச்சி ஒரே தடிமனாக இருப்பதால் சுவர் இரும்புக் கம்பி அடுக்கியது போல் தெரியும். சவுக்குக் கிளை நேராக இருக்கும், நுனிக்குப் போகப் போக ஒடுங்கும், அந்த ஒடுக்கம்தான் நமக்கு வேண்டும். அதில் தொல்லை, காயும்போது பிளந்துவிடும். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகு தடவி, பட்டையை உரித்து, வெயில் படாத இடத்தில் ஒரு மாதம் போட்டுவைத்தால் பிளவு வெகுவாகக் குறையும். ஒரு மி.மீ. அகலப் பிளவு நிஜ அளவில் ஓர் அங்குலம், அப்படிப்பட்டதை ஒதுக்கிவிட வேண்டும். மயிரிழைப் பிளவு இருக்கலாம், நிஜத் தடியிலும் அது உண்டு. ஆனால் பிளவு மேல்பக்கம் பார்த்து உட்காரக் கூடாது, மழைநீர் அதில் தேங்கும். காய்ந்த தடிகளை ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் போராக்ஸ், 20 கிராம் போரிக் அமிலம் கரைத்து ஓர் இரவு ஊறப்போட்டு மறுபடி உலர்த்தினால் உளுக்காது.

இனி மூலைக்காடி. இந்த வீட்டின் உயிர் அதில்தான். மேல் தடியின் அடிப்பக்கத்தில் மட்டும் அரைவட்டமாகக் குடைந்து, கீழ்த் தடியின் முதுகில் கவிழ்த்து உட்காரவைக்க வேண்டும். கீழ்த் தடியின் மேல்பக்கத்தில் குடைந்தால் வேலை சுலபம், தடியை உருட்டாமல் நின்றபடியே வெட்டலாம். ஆனால் அந்தக் குழி தொட்டி மாதிரி தண்ணீர் பிடிக்கும், மூலை முதலில் மக்கும். அவசரமாகக் கட்டிய சில வீடுகளில் மூலைகள் மட்டும் பொடிந்துபோவது இதனால்தான்.

ஆழத்தைக் கணக்கிட்டே தீர வேண்டும். இரண்டு தடிக்கு நடுவே 2 அங்குல இடுக்கு வேண்டும் என்றால் வரிசைக்கு வரிசை உயரம் 12 அங்குலம், மாதிரியில் 12.7 மி.மீ. குறுக்குத் தடி அதில் பாதி உயரத்தில், அதாவது 6.35இல் உட்காரும். எனவே காடி ஆழம் 10.6 கழித்தல் 6.35, சுமார் 4.25 மி.மீ. ஒரு வரிசை ஏறுவதற்குள் மூலையில் இரண்டு காடி வந்துவிடுவதால் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. ஆழம் குறைந்தால் இடுக்கு இரண்டு மி.மீ. கூடும், அதாவது இரட்டிப்பாகிவிடும். எட்டு வரிசையில் சுவர் சுமார் 15 மி.மீ. உயர்ந்து நிற்கும். நாலு மூலையும் ஒரே அளவு தப்பினால் கூடப் பரவாயில்லை, ஒரு மூலை மட்டும் தப்பினால் மேல் வரிசை ஆடும்.

சவுக்கு கெட்டியான மரம், கத்தியால் குடைய முயன்றால் வழுக்கும். 10 மி.மீ. உருண்டை அரம் சரியாகப் பொருந்துகிறது. ஒரு கட்டையில் வி வடிவப் பள்ளம் எடுத்து அதில் தடியை வைத்து, இரு பக்கமும் தகடு ஒன்றை ஆழத்துக்கு நிறுத்தமாகத் திருகிவிட்டால், அரம் தகட்டைத் தொட்டதும் நின்றுவிடும். ஒரு தடியின் இரண்டு காடியும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். முதல் காடியை வெட்டியதும் அதில் ஒரு துண்டுக் குச்சியைச் சொருகி, அது தரையோடு படிந்திருக்கும்படி தடியைப் பிடித்து அடுத்ததை வெட்டினால் முறுக்கிக்கொள்ளாது.

அடி முனையையும் நுனி முனையையும் மாற்றி மாற்றிப் போடுவது அடுத்த விதி. 406 மி.மீ. நீளத்தில் ஒன்றரை மி.மீ. ஒடுங்கும் தடிகளை ஒரே பக்கமாக அடுக்கினால் எட்டாவது வரிசையில் ஒரு முனை 12 மி.மீ. தாழ்ந்திருக்கும். அது ஒரு முழுத் தடியின் தடிமனை விடக் கூடுதல்.

வாசலுக்கும் ஜன்னலுக்கும் துண்டுத் தடிகளாகப் போடாமல் முழுச் சுவராக ஏற்றிவிட்டு, திறப்பின் இரு ஓரமும் ஒரு பலகைத் துண்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்லிய வாளால் அறுப்பது மேல். நிஜத்தில் செய்ததும் இதே முறைதான். முன்கூட்டியே துண்டாகப் போட்டால் திறப்பின் ஓரம் ஒரு நேர்கோட்டில் நிற்காது.

நிலைக்கு மேலே இடைவெளி விட மறக்காதீர்கள். பச்சைத் தடிச் சுவர் காயக் காய விட்டத்தில் சுருங்கி உயரத்தில் இறங்கும். அடிக்கு முக்கால் அங்குலம் என்பது தச்சர்கள் வைக்கும் கணக்கு. எட்டு அடிச் சுவர் ஆறு அங்குலம் வரை இறங்கலாம். இடைவெளி இல்லையென்றால் சுவரின் பாரம் முழுதும் கதவு நிலையின் மேல் ஏறிக் கதவு இறுகிவிடும், ஜன்னல் கண்ணாடி உடையும். நிலைக்காலைத் தடியில் நேராக ஆணியடித்தாலும் தப்பு, இறங்க வேண்டிய தடி தொங்கிக்கொண்டு இடுக்கு அகலும். நின்று காய்ந்த செஸ்ட்நட்டுக்கு இதில் பாதி கூட வேண்டியதில்லை, அதனால்தான் அனுபவமில்லாதவர்கள் கட்டிய இந்த வீடுகள் கதவு பிடிக்காமல் நின்றன. மாதிரியில் 2 மி.மீ. விட்டு, முன்னால் ஒரு பலகையை மேலே மட்டும் ஒட்டி மறைத்திருக்கிறோம்.

இடுக்குப் பூச்சுக்கு நிஜத்தில் தடி நெடுக ஆணிகளைப் பாதி அடித்து நிறுத்தி, அவற்றின் மேல் சுண்ணாம்பும் மணலும் கொஞ்சம் சிமெண்டும் கலந்த காரை. சிமெண்ட் கூடினால் பூச்சு இறுகி, தடி அசையும்போது விலகி ஓரத்தில் விரிசல் விடும். அந்த விரிசலில் இறங்கிய தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் அடைபட்டுத் தடியை மக்கவைக்கும். பிற்காலத்தில் பலமாக இருக்கட்டும் என்று முழு சிமெண்டால் பூசிய நல்லெண்ணம் பல சுவர்களைக் கெடுத்திருக்கிறது. மாதிரியில் வால் புட்டி இரண்டு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, தண்ணீர் கலந்த ஃபெவிகால். உள்ளே மெல்லிய குண்டூசிகளை வெட்டிப் பதித்திருக்கிறோம். பூச்சின் மேல்விளிம்பு மேல் தடியின் வளைவுக்கு உள்ளே ஒரு மி.மீ. ஒதுங்கி, கீழே வர வர வெளியே சரிய வேண்டும். தடியின் முகத்தோடு மட்டமாக இழுத்துப் பூசினால் கீழ்விளிம்பு திண்ணை ஆகித் தண்ணீர் நிற்கும்.

நிறத்துக்கு வார்னிஷ் வேண்டாம். எஃகுப் பஞ்சை வினிகரில் போட்டு ஓரிரு நாள் வைத்தால் இரும்பு கரையும். முதலில் தடிக்குக் கெட்டியான டீ டிகாஷன் ஒரு கை, அது காய்ந்ததும் வினிகர்க் கரைசல் ஒரு கை. கண்ணெதிரே சாம்பல் ஏறும். துவரும் இரும்பும் சேர்ந்தால் நடக்கும் அதே வேலைதான், நிஜ வீட்டில் ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் கறுப்புத் தாரை வடிவதும். பூச்சுக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பில் துருக்கறை ஏறும். செத்த செஸ்ட்நட்டில் பூச்சி துளைத்த சிறு ஓட்டைகள் நிறைய இருக்கும். இந்த அளவில் அவை கண்ணுக்கே தெரியாது, ஊசியால் குத்தினால் துப்பாக்கி சுட்ட சுவராகிவிடும். விட்டுவிடுவதே சரி.

கைமரம் 5 மி.மீ. குச்சி, 25 மி.மீ.க்கு ஒன்று. 30 அடிச் சுவருக்கு நடுவில் குறுக்குச் சுவர் கிடையாது, கூரை அழுத்தும்போது சுவரின் தலை வெளியே தள்ளும். மேல் வரிசையில் அகலவாக்கில் இரண்டு உத்தரம் போட்டு இரு சுவரையும் பிணைத்தால்தான் நிற்கும். உத்தரம் போடும் முன் முகட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் சுவர் விரிவது நன்றாகத் தெரியும். இறவாரம் இரண்டு அடி நீட்டம், 25 மி.மீ. இதைக் குறைக்கவே கூடாது. கீழ் வரிசைத் தடியைக் காப்பது இந்த நீட்டமும் கல் அஸ்திவாரத்தின் உயரமும்தான். தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது 19 மி.மீ. உயரத்தில் முதல் தடி தொடங்க வேண்டும். எவ்வளவு நல்ல மரமானாலும் இலைச்சருகும் மண்ணும் சுவரடியில் ஏறி, கூரைத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தால் அடித் தடி போய்விடும். பிறகு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி அந்த ஒரு வரிசையை மாற்ற வேண்டும். செஸ்ட்நட் இனிக் கிடைக்காது என்பதால் பழைய களஞ்சியங்களைப் பிரித்த தடியோ ஓக்கோதான் கதி.

புகைபோக்கி அகலச் சுவருக்கு வெளியே, 5 முதல் 12 மி.மீ. வரையிலான ஆற்றுக்கூழாங்கல். கணப்பின் வாய் 4 x 3 அடி. புகைவழியின் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் புகை அறைக்குள் திரும்பாது, 12 x 16 அங்குலம் போதும். கல்லுக்கும் தடிக்கும் நடுவே காரை போட்டுப் பிணைக்கவில்லை. சுவர் இறங்கும், கல் இறங்காது. கூரையும் அதே போல் நகரும் என்பதால் கல்லைச் சுற்றி மழைநீரைத் தடுக்கும் தகடு இரண்டு பகுதியாக வரும்: ஒன்று கூரையோடு, மற்றது கல் இடுக்கில் சொருகி அதன் மேல் நான்கு அங்குலம் படிய. குளிர்பான டின்னை வெட்டிய தகடு இதற்கு எடுத்துவைத்திருக்கிறோம்.

அடுத்து கூரைச் சில்லு. அரை மி.மீ. வெனீரைப் பட்டையாக வெட்டி, ஒரு விளிம்பில் 4 முதல் 7 மி.மீ. வரை ஒழுங்கில்லாமல் கீறி, 5.3 மி.மீ. வெளியே தெரிய அடுக்க வேண்டும். ஒரு சரிவுக்கு 35 வரிசை, இறவாரத்தில் மட்டும் முதல் வரிசை இரட்டை. மேல் வரிசையின் கீறல் கீழ் வரிசையின் கீறலுக்கு நேராக வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.