மார்க் குறைவாக இருந்தால் மேற்படிப்புக்கு எந்த வழியில் போகலாம்?

"4-க்கு 2.6 சிஜிபிஏ (மொத்த சராசரி) இருக்கு, மாஸ்டர்ஸ் கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் எந்த எண்ணைப் பார்க்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சில துறைகள் மொத்த சராசரியைப் பார்க்கும். சில கடைசி 60 கிரெடிட்டை (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை) மட்டும் பார்க்கும். இன்னும் சில, படிக்கப்போகும் பாடத்தோடு தொடர்புள்ள பேப்பர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும். அதனால் டிரான்ஸ்கிரிப்டை (எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலை) எடுத்து இந்த மூன்றையும் நீங்களே கணக்குப் போட்டு வையுங்கள்.

ஒரு கணக்கு. மொத்தம் 120 கிரெடிட், முதல் 60-ல் சராசரி 2.1, அடுத்த 60-ல் 3.1. மொத்தத்தில் வருவது 2.6. கடைசி 60 கிரெடிட்டை மட்டும் பார்க்கும் துறைக்கு நீங்கள் 3.1 மாணவர். அமெரிக்க மாஸ்டர்ஸ் படிப்புகள் பெரும்பாலும் கேட்கும் 3.0-ஐ நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

அதே மாணவர் மார்க்கை ஏற்ற பழைய பேப்பரைத் திரும்ப எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிரெடிட் பாடத்தில் வாங்கிய டி (1 புள்ளி), பி (3 புள்ளி) ஆகிறது. பழைய கிரேடை நீக்கிவிடும் பல்கலைக்கழகம் என்றால் சராசரி 2.67. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் இடம் என்றால் 2.61. ஒரு செமஸ்டர் உழைப்புக்கு அவ்வளவுதான் பலன்! திரும்ப எழுதுவது இரண்டு நிலைமைகளில் மட்டும் சரி: அந்தப் பாடம் நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு அடிப்படையாக இருக்க வேண்டும், அல்லது பாஸ் ஆகாமல் அரியராக நிற்க வேண்டும். மற்றபடி அந்த நேரத்தைப் புதிதாக, இன்னும் கடினமான ஒரு பாடத்தில் போட்டு நல்ல கிரேடு வாங்குங்கள்.

அடுத்தது கட்-ஆஃப். அறிவிப்பில் உள்ள சொற்களைக் கவனியுங்கள். "குறைந்தபட்சத் தகுதி" என்று இருந்தால் ஆன்லைன் படிவமே உங்களை வடிகட்டிவிடலாம். "பொதுவாக எதிர்பார்க்கப்படும்" என்று இருந்தால் பேச இடமுண்டு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு ஐந்தாறு வரியில் ஒரு மெயில் போடுங்கள். டிரான்ஸ்கிரிப்டை இணைத்து, மொத்த சராசரியையும் கடைசி 60 கிரெடிட்டையும் எழுதி, "என் விண்ணப்பம் பரிசீலனைக்கு வருமா, கட்-ஆஃபிலேயே நின்றுவிடுமா?" என்று நேராகக் கேளுங்கள். எழுத்தில் வரும் பதில்தான் கணக்கு.

ஜெர்மனி போகிறவர்கள், நம் மார்க்கை அந்த நாட்டு கிரேடாக மாற்றும் பவேரிய சூத்திரத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 100-க்கு 62 வாங்கியவருக்கு பாஸ் மார்க் 40 என்றால் 2.9 வரும். பாஸ் மார்க் 50 என்றால் 3.28. (அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது.) பாஸ் மார்க்கைத் தவறாகப் போட்டால் கிடைக்கக்கூடிய இடத்தையும் விட்டுவிடுவீர்கள். டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அதிகாரபூர்வ எண்ணையே எடுங்கள்.

பழைய மார்க்கைப் பார்க்காமலேயே சேர்க்கும் வழியும் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற ஆன்லைன் தளம் வழியாக நடத்தும் டேட்டா சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸுக்கு டிரான்ஸ்கிரிப்ட் கேட்பதில்லை. குறிப்பிட்ட நுழைவுப் பாடங்களைக் கட்டணம் கட்டிப் படித்து, 3.0 சராசரி எடுத்தால் சேர்ந்துவிடலாம். அந்த கிரெடிட்டும் பட்டத்தில் சேரும். ஆனால் கணிதம் பலவீனமாக இருக்கிறவர்கள் அந்த நுழைவுப் பாடங்களிலேயே சிக்கிக்கொள்வார்கள். முதலில் கிரெடிட் இல்லாத வடிவத்தில் அதே பாடத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு கிரெடிட்டுக்குப் பணம் கட்டுங்கள். மைக்ரோமாஸ்டர்ஸ் (மாஸ்டர்ஸின் ஒரு பகுதியை ஆன்லைனில் படித்து வாங்கும் சான்றிதழ்) வேறு மாதிரி. அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இடம் கிடைக்காது. தனியாக விண்ணப்பித்து இடம் வாங்கிய பிறகு, ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் அதை கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளும்.

பிரிட்டனில் முழு மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். அதற்குக் கீழே 60 கிரெடிட் முதுநிலைச் சான்றிதழும் 120 கிரெடிட் டிப்ளமோவும் உண்டு. சில பல்கலைக்கழகங்கள் குறைந்த மார்க் உள்ளவர்களை இந்தக் கீழ்ப்படிகளில் சேர்த்து, நன்றாகப் படித்தால் மாஸ்டர்ஸுக்கு ஏற்றிவிடும். அந்த 60 கிரெடிட் மாஸ்டர்ஸில் கழியுமா, மேலே போக எத்தனை மார்க் வேண்டும் என்ற இரண்டையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். லோயர் செகண்ட் வகுப்போடு (பிரிட்டிஷ் பட்டத்தில் இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை) வேலை அனுபவமும் இருந்தால் நேராகவே எடுக்கும் படிப்புகளும் அங்கே நிறைய.

ஜிஆர்இ (மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதலாமா? துறை அதைப் பார்க்கும் என்றால் மட்டும். "ஏற்பதில்லை" என்று போட்டிருந்தால் எவ்வளவு வாங்கினாலும் வீண். கணிதப் பாடங்களில் கிரேடு மோசமாக இருந்து, அதன் கணிதப் பகுதியான குவான்ட்டில் 170-க்கு 165-க்கு மேல் எடுக்க முடியும் என்றால் எழுதுங்கள், அது நல்ல பதிலாக இருக்கும். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். கணக்கியல், நிதித் துறைக்காரர்கள் சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர்களுக்கான தகுதி) போன்ற தொழில்முறைத் தேர்வுகளையும் யோசிக்கலாம். அங்கே பட்டத்தில் எத்தனை மார்க் என்று யாரும் கேட்பதில்லை.

எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) மார்க்கைப் பற்றி மூன்று வரி போதும். அதுவும் ஆரம்பத்தில் வேண்டாம். "முதல் மூன்று செமஸ்டர்களில் வாரம் 25 மணி நேரம் வேலை பார்த்தேன். நான்காவதில் வேலையை விட்டேன். அதன் பிறகான சராசரி 3.1." காரணம், மாற்றம், அதற்கான எண். இதோடு நிறுத்துங்கள். ஆசிரியரைக் குறைசொன்னாலோ பத்தி பத்தியாக வருத்தப்பட்டாலோ படிப்பவர் கவனம் முழுக்க மார்க்கிலேயே நின்றுவிடும். சிபாரிசுக் கடிதத்தைத் துறைத்தலைவர் என்பதற்காக அவரிடம் வாங்காதீர்கள். எந்த வகுப்பில் நீங்கள் நன்றாகச் செய்தீர்களோ, அந்த ஆசிரியரிடம் அந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் கொடுத்துக் கேளுங்கள்.

பாதியில் விட்ட கல்லூரியை மறைப்பது பெரிய ஆபத்து. படித்த எல்லா இடங்களையும் கேட்கும் படிவத்தில் ஒன்றை விட்டால், பின்னால் தெரியவரும்போது சேர்க்கையே ரத்தாகலாம். "மார்க் முக்கியமில்லை, சீட் உறுதி" என்று சொல்லும் ஏஜென்ட் காட்டும் கல்லூரி, அந்த நாட்டின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

நிபந்தனையோடு இடம் கிடைத்தால் அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். முதல் 9 கிரெடிட்டில் 3.0 வேண்டும் என்பது மாதிரி இருக்கும். மூன்று பாடங்களில் இரண்டு பி, ஒரு சி வாங்கினால் 2.67, வெளியே போக வேண்டியதுதான். ஒரு சி-யை ஈடுகட்ட ஒரு ஏ வேண்டும். எனவே அந்த செமஸ்டரில் கடினமான பாடம் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். 9 கிரெடிட்டையும் ஒரே செமஸ்டரில் முடிக்கத் தேவையில்லை என்றால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு முழுநேரம் படித்தாக வேண்டுமா என்பதை மட்டும் அதற்கு முன் கேட்டுவிடுங்கள்.