டார்வின்: வானத்தை நோக்கி நின்ற பீரங்கிகள்

ஆஸ்திரேலியாவின் வடகரையில் இருக்கும் டார்வினில் பயணிகள் விமானமும் போர் விமானமும் ஒரே ஓடுபாதையில்தான் இறங்குகின்றன. 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானியர் குண்டு போட்டது இந்தத் தளத்தின் மேல்தான். துறைமுகத்தில் மூழ்கிய கப்பல்களைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு என்னவோ அன்று கீழேயிருந்து திருப்பிச் சுட்டவர்கள் மேல்தான் ஆர்வம்.

ஈஸ்ட் பாயிண்ட் போகும் சாலையோரம் குட்டிக் கங்காரு போன்ற வாலபிகள் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கேதான் ராணுவ அருங்காட்சியகம். கடலைப் பார்த்தபடி, குழல்வாய் 9.2 அங்குல அகலமுள்ள பீரங்கிக்கான பிரம்மாண்டமான கான்கிரீட் மேடை ஒன்று. கப்பல்களைத் தடுக்கத் திட்டமிட்டது. எதிரி வானத்தில் வந்த அன்று அது தயாராகவே இல்லை. போர் முடிந்தபின் அந்தப் பீரங்கிகள் பழைய இரும்பாகப் போனது யாருக்குத் தெரியுமா? ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்கு!

நான் தேடி வந்தது 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கியை. வெயிலில் காய்ந்த இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டேன். இதன் குண்டு கிட்டத்தட்ட 13 கிலோ. விமானத்தில் நேராகப் பட வேண்டும் என்றில்லை. பக்கத்தில் வெடித்துச் சிதறினாலே போதும். ஆனால் எப்போது வெடிக்க வேண்டும் என்று சுடுவதற்கு முன்பே, குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸில் நேரம் வைத்தாக வேண்டும். உயரத்தில் பறக்கும் விமானத்தை எட்டக் குண்டுக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் அரை கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கும். ஆக, விமானம் இருக்கும் இடத்தை அல்ல, வரப்போகும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சுட வேண்டும். கைப்பழக்கம் இல்லாமல் நடக்கிற காரியமா?

அந்தப் பழக்கத்துக்குத்தான் வழியில்லாமல் போனது. ஊரைக் காக்க 3.7 அங்குலப் பீரங்கிகள் 16, 3 அங்குலத்தில் இரண்டு, கொஞ்சம் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள். குண்டுகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் சுட்டுப் பயிற்சி எடுப்பதே அரிதாகிவிட்டது. இயங்கும் ரேடார் ஒன்றுகூட இல்லை. டார்வினுக்கு வடக்கே இருக்கும் பாத்தர்ஸ்ட் தீவுப் பாதிரியார், விமானங்கள் வருவதாக வானொலியில் எச்சரித்தார். திரும்பி வரும் அமெரிக்க விமானங்களாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

காலையில் 188 விமானங்கள் வந்தன. நண்பகலில், இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் அம்போன், கெண்டாரி தளங்களிலிருந்து 54 குண்டுவீச்சு விமானங்கள் விமானதளத்தையே குறிவைத்து வந்தன, மிக உயரத்தில். பீரங்கிகள் விடாமல் சுட்டன. ஃபியூஸ் கோளாறால் ஒரு விமானம்கூட விழவில்லை. காலையில் தாழப் பறந்து வந்தவற்றோடு லூயிஸ் துப்பாக்கிக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். அன்று செத்தவர்கள் குறைந்தது 235 பேர். இருந்த ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பீரங்கியைக் கொடுத்துவிட்டுப் பழகக் குண்டு கொடுக்காத மேலிடத்தைத்தான் கேட்க வேண்டும்.

காலைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கி வந்த ஜப்பானிய விமானி ஃபுச்சிடாதான் இரண்டே மாதத்துக்குள், ஏப்ரல் 9 அன்று, திருகோணமலைக்கும் வந்தவர். அங்கே அடி வாங்கியது சீனன்குடா விமானதளம். ஈழத்து நண்பர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும்.

விமானதளத்தைக் காத்த பீரங்கித் தளம் ஒன்றின் எச்சங்களைப் பார்க்க நினைப்பவர்கள் டார்வினின் மராரா பகுதியில் குவான்டாக் பேட்டரி என்று விசாரியுங்கள். மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. மற்ற மாதங்களில் புழுக்கம் ஆளைக் கொன்றுவிடும்.