கேள்வி நேரத்துக்கு முன் எழுந்து போகாதீர்கள்: ஒரு பிஎச்.டி. நேர்காணல் அனுபவம்

போன வாரம் சமூகவியல் பிஎச்.டி. சேர்க்கைப் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. போன வருடப் பட்டியலில் இல்லை. எனக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடையாது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் எடுத்த மதிப்பெண் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். கவிழ்த்ததும் கரையேற்றியதும் சேர்க்கை மதிப்பெண்ணில் 30 சதவீதம் உள்ள நேர்காணல். அதனால் எழுத்துத் தேர்வைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. பழைய வினாத்தாளைப் போட்டுப் பாருங்கள், மைனஸ் மார்க் இல்லை, எதையும் விடாதீர்கள். அவ்வளவுதான்.

முதல் முறை நான் கொண்டுபோன தலைப்பு 'சென்னையில் நகர்மயமாதலின் சமூகத் தாக்கங்கள்'. குழுவில் ஒருவர், "சென்னையை எடுத்துட்டு மதுரைன்னு போட்டா என்னம்மா மாறும்?" என்றார். யோசித்தேன். ஒன்றும் மாறாது. அதை அப்படியே சொல்லியும் தொலைத்தேன். இன்னொருவர் கடைசிவரை கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்றைக்கும் எரிகிறது, அதை விடுங்கள்.

அப்புறம் ஒரு வருடம் ஆய்வுரை எங்கே நடந்தாலும் போய் உட்கார்ந்தேன். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், அடையாறில் எம்.ஐ.டி.எஸ். ஆய்வு நிறுவனம், எதையும் விடவில்லை. முதலில் ஸ்லைடு ஸ்லைடாகப் படம் எடுத்தேன். ஒன்றைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை.

ஒரு நாள் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றிய உரை. வேலையில்லாத பெண்கள் அதிகம் என்று ஒரு அட்டவணை. கடைசி வரிசையிலிருந்து வயதான ஒருவர் கேட்டார்: "கதவைத் தட்டினது எத்தனை மணிக்கும்மா?"

"பதினொரு மணி வாக்கில் சார்."

"வேலைக்குப் போறவங்க அந்நேரம் மயிலாப்பூர்ல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்களே."

அட்டவணை திரையில் அப்படியே நின்றது. ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சாரார் விடுபட்டுப்போகும் 'மாதிரித் தேர்வுப் பிழை' பற்றி மூன்று பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். எனக்கு அது விளங்கியது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து உரைக்குக் குறிப்பெடுப்பதையே விட்டேன். கேள்விகளை மட்டும் எழுதினேன். நோட்டு நிரம்பியபின் பார்த்தால், சுற்றிச் சுற்றி இவைதான்:

- போனபோது வீட்டில் யார் இருந்தார்கள்?
- முன்பு எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்?
- சாதியைக் கேட்டீர்களா, ஊகித்தீர்களா?
- 'ஆதிக்க சாதி' என்பது சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர் பக்கத்துக் கிராமத்தைப் பார்த்துச் சொன்னது. வேளச்சேரி அபார்ட்மெண்டுக்குப் பொருந்துமா?
- 2011 கணக்கெடுப்பை வைத்து இன்றைய சென்னையைப் பேசலாமா?

இந்த முறை என் தலைப்பு, பெரும்பாக்கத்துப் பெண்களின் வேலையும் பஸ் பயணமும். நேர்காணல் குழுவில் ஒருவர் கேட்டார்: "இலவசப் பயணம் 2021லயே வந்தாச்சு. அதுக்கு முந்தின நிலைமை உங்களுக்கு எப்படித் தெரியும்?" நோட்டின் இரண்டாவது கேள்வியேதான்! "அப்போ எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டா தொகை மறந்திருக்கும். பஸ் காசுக்குக் கட்டுப்படியாகாம விட்ட வேலை எதுன்னு கேட்பேன், அது மறக்காது சார்" என்றேன். தலையாட்டினார். உடனே அடுத்தது: "2023ல மாசம் 1000 ரூபாய் உரிமைத்தொகையும் வந்துதே, எது எதோட விளைவுன்னு எப்படிப் பிரிப்பீங்க?" முழுசாகப் பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டேன். அதற்கும் தலையாட்டினார்.

நான் அரங்கத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, கூச்சம். தைரியசாலிகள் தாராளமாகக் கையைத் தூக்குங்கள். மற்றபடி, நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு:

- ஸ்லைடு ஆறுக்கு மேல் வேண்டாம்.
- முதல் ஸ்லைடிலேயே வெபர், துர்க்கைம் மாதிரி சமூகவியல் முன்னோடிகளின் பெயரைப் போடாதீர்கள். பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.
- களத்துக்கு ஒரு தடவையாவது போய்விட்டு வாருங்கள், காலை ஆறு மணி பஸ்ஸில்.

நோட்டை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி இதற்குள் மூன்று பேர் கேட்டாயிற்று. அனுப்புகிறேன். பாதிப் பக்கத்தில் டீ கொட்டியிருக்கிறது, மீதியில் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.