பனி மூடிய எரிமலையும் சேறும்
1985 நவம்பர் 13 இரவு, கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனால் சுடுசாம்பல் உச்சிப் பனியில் விழுந்து, அதில் சுமார் பத்தில் ஒரு பங்கை உருக்கிவிட்டது. அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்க இறங்க மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டது. இங்கே காரைக்குடியில் தளம் போடும்போது மெஷினிலிருந்து கொட்டும் ஜல்லிக் கலவையை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவே ஆறாக ஓடினால் எப்படி இருக்கும்? இதைத்தான் லஹார் என்கிறார்கள். சுமார் இரண்டரை மணி நேரத்தில் அர்மேரோ என்ற ஊரே புதைந்தது. மொத்தம் 23,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆபத்து வரைபடம் ஒரு மாதம் முன்பே தயாராக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், தங்கச்சி மகன் அமெரிக்காவில் ரெய்னியர் என்ற பனி மூடிய எரிமலையின் அடியில் ஆர்டிங் என்ற ஊரில் வீடு பார்க்கிறான். அங்கே லஹார் வர வெடிப்புகூடத் தேவையில்லை. உள்ளிருந்து வரும் அமில வாயுக்கள் பாறையைக் களிமண்ணாக மாற்றுவதால் சரிவு தானாகவே பெயரலாம். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வந்த சேற்றின் மேல்தான் அந்த ஊரே இருக்கிறது. ஊருணி நிறையுமா என்று வானம் பார்க்கிற நமக்கு இந்தப் பயம் புதுசு.

நல்லவேளை, பள்ளத்தாக்கில் எச்சரிக்கைக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட மேட்டுக்கு நடந்து போய்ப் பழகுகிறார்கள்.

“வாடகை குறைவு மாமா” என்கிறான். சரி மாப்பிள்ளை, முன்பணம் கொடுக்கும் முன் வாசலிலிருந்து மேட்டுக்கு ஒரு தடவை நடந்து பார். காரை நம்பாதே, அன்றைக்கு ரோடு அடைத்துக்கொள்ளும்.