குறைச்சுப் பாடச் சொல்லாத கொயர் மாஸ்டர்

எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவான சபைக் கொயரில் 14 வருடங்களாக ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் கீழ்க்குரல், பாடுகிறேன். அதில் முதல் பத்து வருடங்களும் நான் அதிகம் கேட்டது, "கொஞ்சம் குறைச்சுப் பாடும்மா" என்பதுதான். எனக்குக் கனத்த சாரீரம், பக்கத்தில் நிற்பவரின் குரலை அது மூடிவிடுகிறது என்பார்கள். நானும் அடக்கி அடக்கிப் பாடினேன். மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும், சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பயிற்சி முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொள்ளும், வீட்டுக்கு வரும் வழியில் பேசக்கூடப் பிடிக்காது. வெஸ்டன் நோபிள் என்ற கொயர் மாஸ்டரைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நோபிள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர். 1922-ல் பிறந்தார். டெக்கோரா என்ற சின்ன ஊரில் இருக்கும் லூத்தர் கல்லூரியில் படித்து 1943-ல் பட்டம் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் டாங்கிப் படையில் இருந்தார். திரும்பி வந்து பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர், 1948-ல் படித்த கல்லூரிக்கே வந்து சேர்ந்து, 2005 வரை 57 வருடங்கள் அந்தக் கல்லூரியின் நோர்டிக் கொயரை நடத்தினார். இடையில் 25 வருடம் கல்லூரி பேண்டும் அவர் பொறுப்புதான். 2016-ல், 94 வயதில் காலமானார்.

அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன், பாட்டு சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளில் இருக்கும் ஒரு தீராத இழுபறியைச் சொல்ல வேண்டும். அங்கே பாட்டு படிக்கிற மாணவிக்கு வாரம் ஒருமுறை குரல் ஆசிரியரிடம் தனி வகுப்பு. மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் குறி. ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆராய்ச்சியாளர் யோஹன் சுண்ட்பெரி இதை அளந்தே காட்டினார்: ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸில் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆபராப் பாடகர்களின் குரலில், முக்கியமாக ஆண் குரல்களில், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியாக ஒரு பலம் சேர்கிறது, அதனால்தான் வாத்தியங்களுக்கு மேலே குரல் கேட்கிறது. சரி, அப்படிப் பழக்கிய குரலோடு சாயங்காலம் கொயருக்குப் போனால்? தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். கொயர் மாஸ்டர் குறைக்கச் சொல்வார், வைப்ரேட்டோவை, அதாவது குரலின் அதிர்வசைவை, எடுக்கச் சொல்வார். ஒரு வாரம் கஷ்டப்பட்டுத் திறந்துவிட்ட குரலை இப்படி மூடிவிட்டார்களே என்று குரல் ஆசிரியருக்குக் கோபம் வரும். நடுவில் மாட்டிக்கொள்வது மாணவிதான்.

கொயர் மாஸ்டர்களிலும் இரண்டு பக்கம் உண்டு. 1912-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் செயின்ட் ஓலஃப் கொயரைத் தொடங்கிய கிறிஸ்டியான்சன், அத்தனை பேரும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும் என்று வழவழப்பான, அசைவில்லாத நாதத்தைத் தேடினார். அதே நாட்டில் வெஸ்ட்மின்ஸ்டர் கொயரை உருவாக்கிய வில்லியம்சன், ஒவ்வொருவரும் முழுக்குரலில் பாடட்டும் என்றார். இரண்டு பக்கத்தையும் நான் கேட்டிருக்கிறேன், இரண்டிலும் அழகு இருக்கிறது. ஆனால் நோபிள் கேட்ட கேள்வி வேறு: இந்தக் குரல் யாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்?

முதலில் மேல்குரல் பாடும் பெண்களான சோப்ரானோக்களை மட்டும் கூப்பிடுவார். எல்லோருக்கும் தெரிந்த எளிய பாட்டில் ஒரு வரியை ஒவ்வொருவராகப் பாட வேண்டும். ஒரு குரலை எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திச் சேர்ந்து பாடவைப்பார். அப்புறம் இடது பக்கம் நின்றவர் வலது பக்கம், அதே வரி, மறுபடியும். பாடுகிறவர்கள் எதையும் மாற்றவில்லை, இடம் மட்டும்தான் மாறியது, ஆனால் கேட்கும் எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். ஒரு ஜோடியில் குரல்கள் உரசும், இன்னொன்றில் சுருதி தானாக வந்து உட்காரும். பிறகு மூன்றாவது ஆள், நான்காவது ஆள், இப்படியே வரிசை நீளும். உயரத்தைப் பார்த்து வரிசை கட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

என்னைப் பொறுத்தவரை கொயர் நடத்துவதும் குரல் பயிற்றுவிப்பதும் ஒரே வேலையாவது இந்த இடத்தில்தான். பக்கத்துக் குரல் பொருந்திவிட்டால் பாடுகிறவருக்குத் தன் குரலும் கேட்கும், அடுத்தவர் குரலும் கேட்கும், அழுத்த வேண்டியதில்லை, ஒடுங்க வேண்டியதுமில்லை.

போன அட்வெந்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களுக்கு, முன்னால் எங்கள் இப்போதைய கொயர் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர், முயற்சி பண்ணலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார். ஆல்டோவில் ஏழு பேர். முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி நின்றோம். கடைசியில் வரிசை ஓரத்தில் இருந்த நான், மெல்லிய, கூர்மையான குரல் உள்ள ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இடது பக்கம் வந்து நின்றேன். பழக்கதோஷத்தில் அப்போதும் அடக்கித்தான் பாடினேன்.

"அக்கா, முழுசாப் பாடுங்க" என்றார் மாஸ்டர்.

பாடினேன். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேரல் சர்வீசிலும் அதே வரிசையில்தான் நின்றோம்.