பெரியப்பாவும் ஊட்டி ரேஸ்கோர்ஸும்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் நான் வளர்ந்த சந்தில் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு சைக்கிள் கிளம்பும். அது பெரியப்பாவுடையது. ஹைகிரவுண்ட்ஸ் ரேஸ்கோர்ஸில் அவர் முப்பத்தெட்டு வருஷம் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸாக இருந்தார். தீனி வைப்பது, உடம்பு தேய்த்துவிடுவது, லத்தி அள்ளுவது, ஓடிவிட்டு வந்த குதிரையின் வியர்வை அடங்கும்வரை அதோடு நடந்துகொண்டே இருப்பது எல்லாம் சைஸின் வேலை. ஜாக்கி குதிரை மேல் இருப்பது சில நிமிஷம். மிச்ச நாள் முழுக்க சைஸ்தான்.

ஏப்ரல் வந்தால் அவர் லாயத்துக் குதிரைகளில் சில ஊட்டி சீசனுக்கு லாரி ஏறும். பெரியப்பாவும் கூடவே போய்விடுவார். ஜூனில் திரும்பும்போது வர்க்கியும் நீலகிரித் தைலமும் கொண்டுவருவார். எங்களுக்கு ஊட்டி என்றால் அந்த வாசனைதான்.

2024 ஜூனில் ஊட்டி ரேஸ்கோர்ஸ் மைதானத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்ட செய்தி வந்த அன்று அவர் ராத்திரி சாப்பிடவில்லை. இந்த ஏப்ரலில் அவரே கேட்டார்: “ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா பாப்பா?” அவருக்கு வயது 76. சரி என்று ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்தேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பி, மைசூரு தாண்டி, குண்டல்பேட்டையில் இட்லி சாப்பிட்டோம். பந்திப்பூர் காட்டுக்குள் நுழைந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை இந்தச் சாலை மூடியிருக்கும் என்பதால் குதிரை லாரிகள் நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டுமாம். வளைவுகளில் குதிரை நிலைதடுமாறாமல் இருக்க சைஸ் அதன் பக்கத்திலேயே நின்று கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி வருவாராம். “ராஜா, ராஜான்னு பேசிக்கிட்டே வரணும். நாம பேச்சை நிறுத்துனா அதுக்குப் பயம் வந்துடும்.”

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சிட்டாகப் பறந்த குதிரை அங்கே பாதி ஓட்டத்தில் இளைக்கும். அதனால் குதிரைகளை முன்கூட்டியே கொண்டுபோய், மெதுவாக நடத்தி மூச்சைப் பழக்குவார்கள். அவர் பார்த்த செவலை ஒன்று பெங்களூருவில் எப்போதும் கடைசியில் வருமாம், ஊட்டிக் குளிரில் முதலில் வந்து நின்றதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எடை விஷயத்தையும் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். ஹேண்டிகேப் ரேஸில் நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றுவார்கள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு சேரும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். ஜெயிக்க ஜெயிக்கச் சுமை கூடும். “நல்லா வேலை செய்யறவன் தலையிலதான் வேலை விழும், அது மாதிரி” என்றார் பெரியப்பா.

இந்தச் சின்ன மலையூரில் ரேஸ் எப்படி வந்தது? கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். கவர்னர், அதிகாரிகள், பட்டாளத்து ஆட்கள், மகாராஜாக்கள் எல்லாரும் அங்கே. கிண்டியில் 1777-லேயே ரேஸ் பழகியவர்களுக்குக் கோடையிலும் அது தேவைப்பட்டது. 1886-ல் ஊட்டி மைதானம் உருவானது. மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908-ல்தான். அதற்கு முந்தைய 22 வருஷம் அந்தக் குதிரைகள் தம் காலால்தான் மலை ஏறியிருக்கும், பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி யாரோ ஒரு சைஸும் நடந்திருப்பார். கோப்பை வாங்கியவர்கள் பெயர் பலகையில் இருக்கிறது. அந்த ஆளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

மைதானம் இருக்கும் பள்ளம் ஒரு காலத்தில் ஏரி. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஊட்டி ஏரி இன்றைக்கு இருப்பதைவிட ரொம்பப் பெரியது. அது சுருங்கிய இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் ரேஸ்கோர்ஸும் வந்தன. மழை பெய்தால் தரை சொதசொதவென்று இருக்கும், குதிரையின் குளம்பை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைக்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் வீட்டில் ரேஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. அப்பா ஜாக்பாட் கட்டுவார். அடுத்தடுத்து ஐந்து ரேஸில் ஜெயிக்கும் குதிரைகளைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூட அவருக்கு விழுந்ததில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பெரியப்பா தன் தம்பிக்கு ஒரு நாளும் டிப்ஸ் சொன்னதில்லை. அம்மா அவரோடு சண்டை போடாமல் இருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

தமிழ்நாட்டில் 1974-ல் ரேஸ் பந்தயத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. வழக்கு நீண்டு, 1996-ல் சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பு சொன்னது. பெரியப்பா மாதிரி குதிரையின் நடையைப் பார்த்தே வலி எந்தக் காலில் என்று சொல்பவருக்கு அது திறமைதான், ஒத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் இருந்தது ஒரு ரேஸ் புத்தகமும் ஆசையும் மட்டும்தான்.

கூடலூர் ஏறி, பைக்காரா தாண்டி, மத்தியானம் ஊட்டியை அடைந்தோம். பெரியப்பா முதலில் மார்க்கெட்டுக்கு விடச் சொன்னார். மண் போகக் கழுவிய ஊட்டி கேரட் இரண்டு கிலோ வாங்கினார். “எதுக்குப் பெரியப்பா?” “பழக்கம். இங்க வந்தா முதல்ல கேரட் வாங்கிட்டுத்தான் லாயத்துக்குப் போவேன்.”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஊருக்கு நடுவே அவ்வளவு பெரிய வெளி. சுமார் 52 ஏக்கர். குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி எடுத்துக்கொண்ட நிலம், தோட்டக்கலைத் துறைக்குப் போயிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்றோம். பூங்கா வந்தால் ஊர்ப் பிள்ளைகள் விளையாடலாம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். மலையில் சமதளம் கிடைப்பது அரிது. அது வருஷத்தில் மூன்று மாதம் ஓடும் குதிரைகளுக்கு மட்டுமே என்றிருந்தது சரியில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று மாதத்தை நம்பி இருந்த சைஸ், லாடம் அடிப்பவர், புல்லுக்கட்டு கொண்டுவந்தவர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் என்ன வழி என்று யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பெரியப்பா கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். குதிரையைச் சுற்றி நடத்திய இடம். கூட்டம் எழுந்து கத்திய இடம். அப்புறம் ஒரு வளைவைக் காட்டிவிட்டுச் சும்மா நின்றார். அங்கே ஒரு குதிரைக்குக் கால் முறிந்திருக்கிறது. முறிந்த கால் பெரும்பாலும் ஒன்றுசேராது, வலியில்லாமல் சாக ஊசி போட்டுவிடுவார்கள். திரை கட்டியிருந்தார்களாம், கடைசிவரை தலையைப் பிடித்திருந்தது இவர்தானாம். முப்பது வருஷத்துக்கு முந்தைய விஷயம். அதன் பெயரை நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே சவாரிக் குதிரைகள் நிற்கும். பெரியப்பா பையைத் திறந்து, கேரட்டை ஒடித்து, விரல் மடங்காமல் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒரு மட்டக்குதிரை வந்து வாங்கிக்கொண்டது. அவர் குனிந்து அதன் முன்னங்காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். பிறகு சவாரிப் பையனைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த லாடத்துல ரெண்டு ஆணி ஆடுது. இன்னிக்கு சவாரி போதும், கட்டிப் போடு. காலையில லாடக்காரரைக் கூப்பிடு.”

பையன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டுச் சேணத்தை அவிழ்க்க ஆரம்பித்தான். பெரியப்பா மிச்ச கேரட்டைப் பையோடு அவன் கையில் கொடுத்தார்.